ஆற்றோடு வரும் முட்டை: டொங்காரிரோ நாட்குறிப்பு

முதல் நாள்: டூராங்கி, வியாழன் இரவு

விடிவதற்கு முன்பே ஆக்லாந்தை விட்டுக் கிளம்பிவிட்டோம், நானும் பக்கத்து வீட்டு அண்ணனும். அண்ணனுக்குச் சொந்த ஊர் பருத்தித்துறை. நியூசிலாந்துக்கு வந்து முப்பது வருஷம் ஆகிறது. அதில் இருபது குளிர்காலத்துக்கு மேல் ட்ரவுட் மீன் பிடிக்க டொங்காரிரோ ஆற்றங்கரைக்கு வந்து போயிருக்கிறார். எனக்கு இது மூன்றாவது முறை.

சுமார் 330 கிலோமீட்டர். டோகரோவா தாண்டிப் பைன் காடுகளுக்குள் நுழைந்ததும் சாலையோரப் புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடந்தது. டௌப்போ ஏரி கண்ணில் பட்டபோது மணி பத்து இருக்கும். ஏரிக்கு அப்பால், தெற்கே, 2,797 மீட்டர் உயர ருவாபெஹு மலை பனி மூடி நின்றது. 616 சதுர கிலோமீட்டர் ஏரி இது. எரிமலை வெடித்து உள்ளே இடிந்து விழுந்த பள்ளத்தில் தேங்கிய தண்ணீர். கிழக்குக் கரையை ஒட்டியே ஐம்பது கிலோமீட்டர் போனால் தென்முனையில் டூராங்கி. ஊரை ஒட்டியே டொங்காரிரோ ஆறு ஓடுகிறது.

இந்தக் குளிரில் ஏன் போகிறீர்கள் என்று வீட்டில் கேட்டார்கள். மீன் ஏறுவது இப்போதுதான். ஏரியில் தின்று கொழுத்த ரெயின்போ ட்ரவுட் மீன்கள் முட்டையிடுவதற்காகக் குளிர்காலத்தில் ஆற்றுக்குள் வருகின்றன. ஜூன் முதல் செப்டம்பர் வரை நல்ல ஏற்றம். ஒரு மழை பெய்து ஆறு கொஞ்சம் பெருகினால் கூட்டமாக வரும். அம்பாசமுத்திரத்தில் புதுத் தண்ணீருக்குக் கெண்டை எதிரேறி வருவதைச் சின்ன வயதில் வாய்க்கால் மதகில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அதேதான், மீன் மட்டும் வேறு.

ஃப்ளை ஃபிஷிங் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. இதில் தூண்டில் முள்ளில் மண்புழு குத்துவதில்லை. நூல், இறகு, ரோமம் இவற்றை முள்ளில் சுற்றிக் கட்டி, மீன் தின்னும் ஒன்றைப் போலச் செய்கிறோம். அதுதான் ஃப்ளை. பெரும்பாலும் அதற்கு எடையே கிடையாது என்பதால், ஃப்ளை லைன் என்ற தடித்த தூண்டில் கயிற்றின் எடையை வைத்துத்தான் எறிய வேண்டும். டொங்காரிரோவில் ஃப்ளை தவிர வேறு எதற்கும் அனுமதி இல்லை. டௌப்போ பகுதிக்கென்று தனி உரிமச் சீட்டும் வாங்க வேண்டும். நாட்டின் மற்ற பகுதிகளுக்கு வாங்கிய சீட்டு இங்கே செல்லாது.

பெரும்பாலான ஃப்ளைகள் பூச்சியைப் போல இருக்கும். நாங்கள் இந்த முறை கொண்டுவந்திருப்பது மீன் முட்டையைப் போல இருப்பது. இங்கே அதற்கு 'க்ளோபக்' என்று பெயர். இதை ஃப்ளை என்று ஒத்துக்கொள்ளாதவர்கள் உண்டு. பூச்சியைப் போலச் செய்தால் கலை, முட்டையைப் போலச் செய்தால் ஏமாற்று என்பது அவர்கள் கட்சி. எனக்கு அதில் உடன்பாடில்லை. குளிர்காலத்து ஆற்றில் மீனின் வாய்க்கு நேரே வந்து சேரும் சத்தான சாப்பாடு எது என்று பார்த்தால், அது மற்ற மீன்களின் சினைதான். அதை விட்டுவிட்டுக் கோடைகாலத்து ஈசலைக் கட்டி எறிவதில் என்ன நேர்மை இருக்கிறது?

சரி, கட்டும் விதம். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு மோட்டல் மேசையில் விளக்கை இழுத்து வைத்துக்கொண்டு பன்னிரண்டு கட்டினேன். முள் குட்டையாக, வளைவு அகலமாக இருக்க வேண்டும். நூல் நல்ல முறுக்கானதாக வேண்டும், ஏனென்றால் எல்லாமே அந்த ஒரு இறுக்கத்தில்தான் இருக்கிறது. பஞ்சு போன்ற செயற்கை இழையில் மூன்று கற்றை எடுத்து முள்ளின் மேல் குறுக்கே வைத்து, நூலால் நான்கைந்து சுற்று, அறுந்துவிடுமோ என்று பயம் வரும் அளவுக்கு இழுத்து முடிச்சுப் போட வேண்டும். பிறகு கற்றை முழுவதையும் மேலே தூக்கிப் பிடித்து, வளைந்த கத்தரியால் ஒரே வெட்டு. விரலை எடுத்ததும் இழைகள் நான்கு பக்கமும் விரிந்து தானாகவே உருண்டையாகிவிடும். இரண்டாவது வெட்டு வெட்டினால் உருண்டை கெட்டுவிடும். அந்த ஒரு வெட்டுக்காகத்தான் எனக்கு இந்த ஃப்ளையைக் கட்டப் பிடிக்கும்.

அண்ணன் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "பெரிசு தம்பி. மீன் இவ்வளவு பெரிய முட்டையைக் கண்டிராது. சின்னனா வெட்டுங்கோ."

மறுபடியும் முதலிலிருந்து.

இரண்டாம் நாள்: வெள்ளி இரவு

இன்றைக்கு எழுத நிறைய இருக்கிறது, மீன் ஒன்றும் பிடிக்கவில்லை என்றாலும்.

காலையில் ஆற்றுக்குப் போகவில்லை. ஊருக்குச் சற்றுத் தெற்கே டொங்காரிரோ தேசிய ட்ரவுட் மையம் இருக்கிறது. அங்கே வைஹுகாஹுகா என்ற சின்ன ஓடை. ஓடையின் கரைக்குள் ஓர் அறையை இறக்கிக் கண்ணாடி பதித்திருக்கிறார்கள். படியில் இறங்கிப் போனால் மீனின் பக்கத்தில் நின்று தண்ணீருக்குள் பார்க்கலாம். ஓடையில் மீன் பிடிக்கத் தடை, அதனால் மீன்கள் நம்மைப் பற்றிக் கவலைப்படுவதே இல்லை.

ஒரு பெட்டை ட்ரவுட் நின்றது. இரண்டு கிலோ இருக்கும். பக்கவாட்டில் சாய்ந்து படுத்து வாலால் படபடவென்று அடித்தது. மணல் புகை போலக் கிளம்பிக் கீழோட்டத்தில் போயிற்று, கூழாங்கற்கள் உருண்டன. மறுபடி நிமிர்ந்து, குழிக்குள் வயிற்றுத் துடுப்பை விட்டு ஆழம் பார்ப்பது போல இறக்கியது. மறுபடி சாய்ந்து அடித்தது. கடுவன் மீன், தாடை வளைந்து கன்னம் சிவந்து, பக்கத்திலேயே நின்று மற்ற கடுவன்களை விரட்டிக்கொண்டிருந்தது. முட்டையிடுவதற்கு இப்படித் தோண்டும் குழியை ஆங்கிலத்தில் 'ரெட்' என்பார்கள். நான் சினைக்குழி என்றே எழுதுகிறேன். குழிக்குள் முட்டை விழுந்ததும் கடுவன் விந்து கலக்கும். அப்புறம் பெட்டை கொஞ்சம் மேலே தள்ளி மறுபடி தோண்டும். அந்தக் கற்கள் கீழே உருண்டு வந்து முட்டைகளை மூடிக்கொள்ளும். கிலோ எடைக்குச் சுமார் 2,000 முட்டை. தண்ணீர் 10 டிகிரியில் இருந்தால் பொரிக்க ஏறக்குறைய ஒரு மாதம். அந்த ஒரு மாதமும் கற்களுக்கு இடையே தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தால்தான் முட்டைக்கு மூச்சு. வண்டல் அடைத்தால் போயிற்று, மேலே மிதித்தாலும் போயிற்று.

கண்ணாடி வழியாகப் பார்த்தபோது குழி இருந்த இடம் மட்டும் வெளிறித் தெரிந்தது. ஆற்றின் மற்றக் கற்களில் பாசி படிந்து பழுப்பாக இருக்க, வால் புரட்டிய கற்கள் கழுவி வைத்தது போல இருந்தன. ஒரு பாய் அகலத்துக்கு, முட்டை வடிவத்தில்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. போன வருஷம் இதே ஆற்றில், ஆழம் குறைந்த ஓர் இடத்தில், இப்படி வெளிறிய கூழாங்கல் பரப்பைப் பார்த்து "நல்ல சுத்தமான தரை, வழுக்காது" என்று அதன் மேலேயே நடந்து அக்கரை போனேன். போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை. யாரும் சொல்லித் தரவில்லை, நானும் கேட்கவில்லை. எத்தனை குழி, எத்தனை ஆயிரம் முட்டை என்று இப்போது கணக்குப் போட முடியாது. கண்ணாடி முன்னால் வெகுநேரம் நின்றேன். அண்ணனிடம் சொன்னேன்.

"நானும் மிதிச்சிருக்கிறன் தம்பி, தொடக்கத்தில. தெரிஞ்ச பிறகு மிதிக்கிறதுதான் பிழை" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

பக்கத்தில் குஞ்சு பொரிக்கும் கூடம். தட்டில் முட்டைகளைப் பார்க்க முடிந்தது. உயிருள்ள முட்டைக்கு ஒப்புச் சொல்ல வேண்டும் என்றால், பாயசத்தில் வெந்து கண்ணாடியான ஜவ்வரிசி, அதில் குங்குமப்பூ கரைந்த நிறம். நடுவில் இரண்டு கரும்புள்ளி தெரிந்தால் அது கண். செத்த முட்டை வேகாத ஜவ்வரிசி, பாலாக வெளுத்துவிடும். அளவு நான்கைந்து மில்லிமீட்டர், கொத்தமல்லி விதையைவிடக் கொஞ்சம் பெரிது. நேற்று நான் முதலில் கட்டியது இதைப் போல மூன்று மடங்கு.

இந்த ட்ரவுட்டே இந்த நாட்டு மீன் இல்லை. முட்டையாகத்தான் வந்தது. 1864-இல் இங்கிலாந்திலிருந்து 'நார்ஃபோக்' என்ற கப்பலில், ஈரப்பாசியில் பொதிந்து பனிக்கட்டிக்கு நடுவே வைத்து, பிரவுன் ட்ரவுட் முட்டைகளை டாஸ்மேனியாவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே பொரித்த மீன்களின் வழியில் வந்த முட்டைகள் 1867-இல் நியூசிலாந்துக்கு வந்தன. ரெயின்போ 1880-களில் கலிஃபோர்னியாவிலிருந்து, அதுவும் முட்டையாக. நம் நீலகிரியில் அவலாஞ்சிக்கும், அண்ணன் பார்த்திருக்கிற நுவரெலியாவுக்கும் ட்ரவுட் வந்தது வெள்ளைக்காரர்கள் காலத்தில் இப்படித்தான். பனிக்கட்டி உருகாமல் வெப்ப மண்டலத்தைக் கடந்து வந்த முட்டையின் பேரப்பிள்ளைகளைத்தான் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மதியம் 'மேஜர் ஜோன்ஸ்' மடுவுக்குப் போனோம். மேலே தொங்கு பாலம், கீழே நீளமான ஆழம். ஏற்கெனவே நான்கு பேர் வரிசையில் நின்றார்கள். புதிதாக வருபவர் வரிசையின் பின்னால்தான் இறங்க வேண்டும், இன்னொருவருக்கு முன்னால் போய் நிற்கக் கூடாது. எழுதாத சட்டம், எல்லாரும் மதிக்கிறார்கள்.

இங்கே லைனில் ஈயக்குண்டு கோக்க அனுமதி இல்லை. எடை ஃப்ளைக்குள்ளேயே இருக்க வேண்டும். அதனால் உலோகம் சுற்றிய கனமான ஒரு ஃப்ளையை முதலில் கட்டுகிறோம். அதற்கு 'பாம்' என்று பெயர். அதன் முள் வளைவில் ஒரு முழத்துக்குக் குறைவாக மெல்லிய தங்கூசி (நைலான் நூல்) கட்டி, நுனியில் க்ளோபக். பாம் அடியில் உருண்டு போகும், முட்டை அதன் பின்னாலேயே மிதந்து போகும். மேலே தக்கைக்குப் பதிலாக எண்ணெய்ப் பசை தடவிய கம்பளி நூல் குஞ்சம். பிளாஸ்டிக் தக்கை இங்கே கூடாது.

இரண்டரை மணி நேரம் எறிந்தேன். பக்கத்தில் நின்ற வயதான பெண்மணி இரண்டு மீன் பிடித்து இரண்டையும் விட்டார். எனக்கு ஒன்றும் இல்லை.

மூன்றாம் நாள்: சனி இரவு

ராத்திரி முழுக்கக் கூரையில் மழைச் சத்தம். காலையில் ஆறு அரையடி ஏறியிருந்தது, நிறம் நீர்மோர் கலந்தது போல. அண்ணன் முகத்தில் சிரிப்பு. "இண்டைக்குப் புது மீன் ஏறியிருக்கும்."

'ரெட் ஹட்' தொங்கு பாலத்தில் நின்று பத்து நிமிஷம் தண்ணீரைப் பார்த்தோம். போன வருஷம் இப்படி நிற்கத் தோன்றவே இல்லை. கலங்கலிலும் கரையோரத்தில் வெளிறிய திட்டுகள் தெரிந்தன. அதில் ஒன்றின் மேல் இரண்டு மீன் நின்றன. அங்கே எறிந்தால் ஒருவேளை கடிக்கும், பசியால் அல்ல, குழியைக் காக்கிற கோபத்தால். நாங்கள் அந்தப் பக்கம் எறிவதில்லை. குழிக்குக் கீழே, ஆழத்தில், தவறி வரும் முட்டைக்காகக் காத்து நிற்கும் மீன்தான் எங்கள் மீன். திட்டுகளைச் சுற்றிப் போக வேண்டும் என்பதால் நல்ல இடத்துக்குப் போகப் புதருக்குள் கால் மணி நேரம் கூடுதலாக நடக்க வேண்டியிருந்தது.

நேற்று ஏன் கிடைக்கவில்லை என்று அண்ணன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "தம்பி, முட்டைக்கு நீந்தத் தெரியாது." மேல் தண்ணீர் வேகமாக ஓடுகிறது, அடித் தண்ணீர் மெதுவாக. மேலே மிதக்கும் லைன் வளைந்து முன்னே போய்விட்டால், அடியில் இருக்கும் முட்டையை இழுத்துக்கொண்டு போகும். பூச்சி கொஞ்சம் இழுபட்டாலும் மீன் மன்னிக்கும், பூச்சிக்குக் கால் உண்டு. முட்டை ஆற்றின் வேகத்தைவிடக் கொஞ்சம் வேகமாகப் போனாலும் அது முட்டை இல்லை என்று மீனுக்குத் தெரிந்துவிடும். எறிந்த உடனே தடியின் நுனியைத் தூக்கி லைனை மேலோட்டம் பக்கம் புரட்டிப் போட வேண்டும். குஞ்சம் தண்ணீர் நுரையைவிடக் கொஞ்சம் மெதுவாகவே வர வேண்டும். அப்படி வந்தால் அடியில் முட்டை சரியாக வருகிறது என்று அர்த்தம்.

லைனைப் பார்க்காமல் நுரையைப் பார்த்தேன். நுரைக்குமிழி ஒன்றைத் தேர்ந்துகொண்டு, அது குஞ்சத்தைத் தாண்டிப் போகிறதா என்று மட்டும் பார்த்தேன். ஆறாவது எறிதலோ ஏழாவதோ, குஞ்சம் ஒரு கணம் நின்றது. முங்கவில்லை, நின்றது. தூக்கினேன்.

தடி முழுக்க வளைந்து, ரீல் கத்தியது. மீன் நேராக நடு ஆற்றுக்குப் போய் ஒரு தடவை மேலே எம்பியது. முழங்கால் தண்ணீரில் கல் தடவித் தடவிக் கரையோரமாகக் கீழே இறங்கினேன். எத்தனை நிமிஷம் என்று தெரியவில்லை, கை நடுங்கியது. வலைக்குள் வந்தபோது பார்த்தால் நல்ல பெட்டை மீன், வயிறு தொளதொளவென்று. வலையைத் தண்ணீரிலேயே வைத்துக்கொண்டு முள்ளை எடுக்கக் குனிந்தேன். தாடை ஓரத்தில் குத்தியிருந்தது, முள்ளின் கொண்டியை முன்பே நசுக்கி வைத்திருந்ததால் தொட்டதும் வந்துவிட்டது. அப்போது மீனின் பின்பக்கத்திலிருந்து முட்டைகள் உதிர்ந்தன. ஏழெட்டு. இரண்டு என் உள்ளங்கையில் நின்றன.

அதே கையில் என் க்ளோபக்கும் இருந்தது. பக்கத்தில் பக்கத்தில். என்னுடையது நிறம் சரி, ஆனால் ஒளி புகாது. உண்மையான முட்டைக்குள் மேக வெளிச்சம் போய் அந்தப் பக்கம் என் கைரேகை மேல் ஆரஞ்சுப் பொட்டாக விழுந்தது. ஒட்டும் தன்மை இருந்தது. விரலை அசைத்ததும் ஆறு எடுத்துக்கொண்டது.

மீனைத் தலை மேலோட்டத்தைப் பார்க்கப் பிடித்து வைத்தேன். செவுள் நிதானமாகத் திறந்து மூடியது. ஒரு நிமிஷம் கழித்துக் கையை விட்டு நழுவி ஆழத்துக்குப் போயிற்று.

அண்ணன் மூன்று பிடித்து, ஏரியிலிருந்து புதிதாக ஏறி வந்த வெள்ளி நிறக் கடுவன் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டார். இந்த நாட்டில் ட்ரவுட்டை விற்கவும் முடியாது, வாங்கவும் முடியாது, சட்டப்படி குற்றம். எந்த உணவகத்தின் விலைப்பட்டியலிலும் பார்க்க முடியாது. தின்ன வேண்டும் என்றால் பிடிக்க வேண்டும், அல்லது பிடித்தவர் தர வேண்டும். ஆறுகள் இன்னும் இப்படி இருப்பதற்கு இந்தச் சட்டம் பெரிய காரணம் என்று நினைக்கிறேன். விலை வைத்த மீனுக்கு என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியாததா.

மோட்டல் பின்கட்டில் மீனை அறுத்தபோது இரைப்பையையும் திறந்து பார்த்தோம். அதற்குள் பதினொரு முட்டை. ஒன்பது வெளுத்தவை, இரண்டு மட்டும் ஆரஞ்சு. வயிற்றுக்குள் போன பிறகு வெளுத்திருக்கவும் கூடும். ஆனால் அண்ணன் வேறு விதமாகச் சொன்னார்: குழிக்குள் நல்லபடியாக மூடப்பட்ட முட்டை ஆற்றில் வராது. வருவதெல்லாம் மூடுவதற்கு முன் தவறியது, அல்லது பிறகு வந்த மீன் அதே இடத்தில் தோண்டிக் கிளப்பியது. அது எப்படியும் பிழைக்காது. கொஞ்ச நேரத்தில் வெளுத்துவிடும்.

பெட்டியில் இருந்தது எல்லாம் பளிச்சென்ற ஆரஞ்சு. ராத்திரி வெளிறிய பழுப்பு மஞ்சளில் ஆறு கட்டினேன், சின்னதாக.

மீன் குழம்பு அண்ணன் வைத்தார். தேங்காய்ப்பால், பழப்புளி, யாழ்ப்பாணத்துத் தூள். சதை ஆரஞ்சாக, குழம்பில் கரையாமல் இருந்தது.

நான்காம் நாள்: ஞாயிறு இரவு

இன்று ஏரி. ஆறு ஏரியில் சேரும் வாய்களில் நின்று எறிவது இங்கே பழைய வழக்கம். வைடாஹனுயி வாயில் வரிசையாகத் தோளோடு தோள் நிற்பதைப் பார்த்து 'பிக்கெட் ஃபென்ஸ்', அதாவது குச்சி வேலி, என்ற பெயரே வந்திருக்கிறது. நாங்கள் போன நேரம் ஆறு பேர்தான்.

முட்டை ஆற்றில் மட்டும்தான் வேலை செய்யும் என்று நினைத்திருந்தேன். ஏரியிலும் உண்டு, ஆனால் முறை நேர் எதிர். மூழ்கும் லைனை வாய்க்கு வெளியே ஆழம் சரியும் விளிம்புக்கு அப்பால் எறிகிறோம். லைன் போய்த் தரையில் படுத்துவிடும். க்ளோபக்குக்குள் மிதக்கும் ரப்பர் நுரைத் துண்டு வைத்துக் கட்டியிருப்பதால் அது மட்டும் தரையிலிருந்து ஓர் அடி மேலே நிற்கும். பிறகு ஒன்றும் செய்யக் கூடாது. எறி, விட்டுவிடு. எப்போதாவது ஒரு விரல் நீளம் இழுக்கலாம். ஆற்றில் நுரையைப் பார்த்த கண்ணுக்கு இங்கே பார்க்க ஒன்றும் இல்லை, எல்லாம் விரல் நுனியில்தான். விரலோ குளிரில் மரத்துப்போகிறது.

ஒரே ஒரு தட்டு. தூக்கினேன், இல்லை. அவ்வளவுதான் இன்றைய கணக்கு.

நிற்கும்போது யோசிக்க நேரம் நிறைய. காலுக்குக் கீழே இருந்த ஏரித் தரை தூஃபரெடோவா என்ற மாவோரி மக்களுடையது. ஏரி, அதில் சேரும் ஆறுகள் இவற்றின் தரை 1992 ஒப்பந்தத்தில் அவர்கள் பெயருக்குத் திரும்பியது. அதே ஒப்பந்தம்தான் என்னைப் போன்றவர்கள் இங்கே நின்று எறிய வழி விட்டிருக்கிறது. ட்ரவுட் வருவதற்கு முன் இந்த ஏரியில் கோஆரோ என்ற சின்ன மீன் ஏராளமாக இருந்தது, அவர்களுடைய முக்கியமான உணவு அது. ட்ரவுட் அதைத் தின்று தீர்த்தது. தின்ன இல்லாமல் ட்ரவுட்டே மெலிந்துபோக, 1930-களில் அதற்கு இரையாக வேறொரு சின்ன மீனைக் கொண்டுவந்து விட்டார்கள். நான் கொண்டாடும் மீன் இன்னொருவர் சோற்றுத் தட்டிலிருந்து எடுத்ததில் வளர்ந்தது. இதைத் தெரிந்துகொண்டுதான் இந்த ஏரியில் நிற்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. ட்ரவுட்டின் முட்டை மேல் எனக்கு வந்திருக்கிற அக்கறையும் பொய்யில்லை. இரண்டும் சேர்ந்தேதான் இருக்கிறது.

மாலையில் டோகானு வெந்நீர்க் குளத்தில் கழுத்து வரை கிடந்தோம். விரல்களுக்கு உயிர் வந்தது.

ஐந்தாம் நாள்: திங்கள், வழியில்

டோகரோவாவில் காப்பிக் கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன், அதனால் சுருக்கமாக.

விடிந்ததும் கிளம்புவதற்கு முன் ஒரு மணி நேரம் மட்டும் ஆற்றில். வெளிறிய முட்டையைப் போட்டேன். மேஜர் ஜோன்ஸ் மடுவின் வால் பகுதியில் ஒன்று, ஒன்றரைக் கிலோ இருக்கும், கடுவன். விட்டுவிட்டேன், குழம்பு இன்னும் டப்பாவில் இருந்தது.

வேடர்ஸ் என்ற நீர்புகாத கால்சட்டை, பூட்ஸ் எல்லாவற்றையும் சோப்புத் தண்ணீரில் கழுவினோம். தென் தீவில் 2004-இல் கண்டுபிடிக்கப்பட்ட டிடிமோ என்ற பாசி, ஈரப் பூட்ஸில் ஒட்டி ஆற்றுக்கு ஆறு போகக் கூடியது. கம்பளி அடிவைத்த பூட்ஸை அதற்காகவே 2008-இல் தடை செய்தார்கள். அண்ணன் பல் துலக்கும் பிரஷ்ஷால் பூட்ஸ் தையலைக்கூடத் தேய்த்தார்.

காரில் ஏறுவதற்கு முன் தொங்கு பாலத்துக்கு இன்னொரு முறை போனேன். மழை வடிந்து தண்ணீர் தெளிந்திருந்தது. போலராய்டு கண்ணாடி போட்டுக்கொண்டு எண்ணினேன். கரையோரத்தில் நான்கு வெளிறிய திட்டுகள், நடுவில் ஒன்று. நடுவில் இருந்ததில் ஒரு பெட்டை சாய்ந்து வாலடித்துக்கொண்டிருந்தது. அதற்கு இரண்டு கெஜம் கீழே, ஆழம் தொடங்கும் இடத்தில், சின்ன மீன் ஒன்று இடமும் வலமுமாக நகர்ந்து நகர்ந்து வாய் திறந்தது. ஒவ்வொரு முறையும் வாயின் வெள்ளை மட்டும் மின்னியது.

அண்ணன் கார் ஹீட்டரைப் போட்டுவிட்டுக் காத்திருந்தார் என்று நினைத்தேன். பாலம் ஆடியது, திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் நின்றார்.

"அஞ்சு" என்றேன்.

கம்பியைப் பிடித்துக் குனிந்து கொஞ்ச நேரம் பார்த்தார். "ஆறு. உங்க, அந்தப் பெரிய கல்லுக்குப் பின்னால. வடிவாப் பாருங்கோ."